பனாமாவில் கடல்வழி அடைபட்டது எப்போது?

"வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் பனாமா நிலச்சந்தி ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இணைத்தது என்று படித்திருக்கிறேன். ஆனால் அந்த இணைப்பு 1.3 கோடி முதல் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஏற்பட்டுவிட்டது என்று சில ஆய்வுகள் சொல்கின்றனவே, இவற்றில் எதை நம்புவது?" என்பது கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பெருங்கடல்களின் நீரும் இனி ஒருபோதும் கலக்க முடியாதபடி நிலம் முழுவதுமாக அடைத்துக்கொண்ட காலம் எது என்று கேட்டால், இன்றுள்ள சான்றுகளின்படி சுமார் 28 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்பதுதான் வலுவான விடை. ஆனால் பனாமாவின் பாறைத்தொடர் தென் அமெரிக்காவின் விளிம்பில் வந்து முட்டியது எப்போது, ஆழ்கடல் நீர் அந்த வழியே போவது நின்றது எப்போது, நீந்தியோ மிதந்தோ கடக்கக்கூடிய அளவுக்கு நிலத்துண்டுகள் நெருங்கி வந்தது எப்போது என்று கேட்டால், ஒவ்வொன்றுக்கும் வேறு விடை வரும். அவை எல்லாமே 28 லட்சத்தைவிடப் பழையவை. விவாதத்தில் பாதி இந்தக் கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால் வந்தது. மீதிப் பாதி உண்மையான கருத்து வேறுபாடு. அது இன்னும் தீரவில்லை.

முதலில் இடத்தைக் கண்முன் கொண்டுவருவது நல்லது. பனாமாவின் மிகக் குறுகிய பகுதியில் இரு கடல்களுக்கும் இடையில் உள்ள தூரம் சுமார் 50 கிலோமீட்டர்தான். இவ்வளவு அருகில் இருந்தும் இரண்டு கரைகளும் இரண்டு வேறு உலகங்கள். பசிபிக் கரையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஐந்து மீட்டருக்கு மேல் வித்தியாசம் வருவதுண்டு. நீர் வடியும்போது சேற்றுவெளி கண்ணுக்கெட்டிய தூரம் திறந்து கிடக்கும். கரீபியன் கரையில் அந்த வித்தியாசம் அரை மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை காற்று மேல்நீரைத் தள்ளிவிட, பனாமா வளைகுடாவில் அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலெழுகிறது; அதனால் அங்கே மீன் கொழிக்கிறது. கரீபியன் பக்கமோ வெதுவெதுப்பான, தெளிந்த, சத்துக் குறைந்த நீர். அதனால் பவளப்பாறைகள் தழைக்கின்றன. கரீபியன் நீரின் உப்பு பசிபிக்கைவிடக் கூடுதல், பசிபிக்கின் நீர்மட்டம் கரீபியனைவிட ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரம். இந்த வேறுபாடுகளில் பல, நடுவில் நிலம் வந்ததன் விளைவுகள். ஆகவே இவை எப்போது தோன்றின என்று கண்டுபிடித்தால், நிலம் எப்போது வந்தது என்பதும் தெரிந்துவிடும். பழைய கணக்கின் அடித்தளமே இந்த எண்ணம்தான்.

அந்த நிலம் எங்கிருந்து வந்தது? பசிபிக்கின் அடித்தரை கரீபியன் புவித்தட்டின் கீழே செருகிச் செல்வதால் உருவான எரிமலை வரிசைதான் பனாமா. அது முதலில் கடலடி மலைகளாகவும் பிறகு தீவுக்கூட்டமாகவும் இருந்து, தென் அமெரிக்காவை நோக்கி மெல்ல நகர்ந்து, சுமார் 2.3 கோடி முதல் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அதனுடன் மோதத் தொடங்கியது என்று 2011-இல் ஃபாரிஸும் உடனாய்வாளர்களும் பாறைகளின் வேதியியலை வைத்து வாதிட்டார்கள். மோதல் தொடங்குவது வேறு, கடல் மூடுவது வேறு என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு புவித்தட்டுகள் கடலுக்கு அடியிலேயே உரசிக்கொண்டிருக்க, மேலே கப்பல் போகும் ஆழத்துக்கு நீர் நிற்கலாம். அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

இனி 30 லட்சம் என்ற எண் எப்படி வந்தது என்று பார்ப்போம். ஃபோராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிரிகள் மணல்துகள் அளவில் சுண்ணாம்புக் கூடு கட்டி வாழ்பவை. செத்ததும் அந்தக் கூடுகள் கடலடியில் படிந்து, லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு அப்படியே அடுக்கடுக்காக இருக்கின்றன. கடல்நீர் ஆவியாகும்போது ஆக்சிஜன்-16 கொண்ட இலேசான நீர் முந்திக்கொண்டு போகிறது, ஆக்சிஜன்-18 கொண்ட கனமான நீர் பின்தங்குகிறது. ஆகவே உப்பேறிய நீரில் வளர்ந்த கூட்டில் ஆக்சிஜன்-18 சற்றுக் கூடுதலாக இருக்கும். ஊசிமுனையால் எடுக்க வேண்டிய அளவுள்ள சில கூடுகளை அமிலத்தில் கரைத்து, வெளிவரும் வாயுவை நிறமாலைமானியில் செலுத்தினால், அந்த உயிரி வாழ்ந்த நாளில் நீர் எவ்வளவு உப்பாக, எவ்வளவு சூடாக இருந்தது என்பதற்கு ஒரு குறிப்புக் கிடைக்கிறது. 1982-இல் கீக்வின், ஆழ்கடல் துளையிடும் திட்டத்தில் கரீபியன் பக்கம் எடுத்த 502-ஆம் துளையையும் பசிபிக் பக்கம் எடுத்த 503-ஆம் துளையையும் இப்படி ஒப்பிட்டுப் பார்த்தார். சுமார் 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து இரு பக்கத்துக் கூடுகளின் ஆக்சிஜன் அளவுகள் பிரிந்து போவதை அவர் கண்டார். 1998-இல் ஹாகும் டீடெமனும் இன்னும் நுண்ணிய அடுக்குகளை அளந்து, அந்தப் பிரிவு 47 லட்சம் முதல் 42 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வலுப்பெற்றது என்று காட்டினார்கள்.

இந்தச் சான்றில் எனக்குப் பிடித்தது இதுதான்: எந்த மலை எங்கே இருந்தது, எந்த ஆறு எந்தப் பக்கம் ஓடியது என்ற ஊகம் எதுவும் இதற்குத் தேவையில்லை. ஆழம் குறைந்த ஒரு கால்வாய் திறந்திருந்தால்கூட, உப்புக் குறைந்த பசிபிக் மேல்நீர் கரீபியனுக்குள் புகுந்து வேறுபாட்டைக் கரைத்துவிடும். 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை வேறுபாடு சிறிதாகவே இருந்தது என்றால், அதுவரை எங்கோ ஓரிடத்தில் நீர் கலந்துகொண்டிருந்தது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. மறுபக்கம், வேறுபாடு தோன்றிவிட்டது என்பதனாலேயே வழி முழுவதும் மூடிவிட்டது என்றும் சொல்ல முடியாது. வழி போதிய அளவு சுருங்கிவிட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

விலங்குகளின் கதை இதைவிடப் பழையது. இரு கண்டங்களும் நெடுங்காலம் பிரிந்திருந்து பிற்காலத்தில் சேர்ந்தன என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே இயற்கையியலாளர் வாலஸ் உணர்ந்திருந்தார். வடக்கிலிருந்து குதிரை, மான், லாமாவின் முன்னோரான ஒட்டக இனம், பூனை, நாய், கரடி ஆகியவை தெற்கே இறங்கின. தெற்கிலிருந்து ஆர்மடில்லோ, முள்ளம்பன்றி, ஒப்போசம், யானையளவு வளர்ந்த தரை ஸ்லாத் ஆகியவை வடக்கே ஏறின. அமெரிக்கப் பெரும் உயிரினப் பரிமாற்றம் என்று இதற்குப் பெயர். இதன் பெரிய அலை சுமார் 27 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிலிருந்துதான் புதைபடிவங்களில் தெரிகிறது. ஆனால் முன்னோடிகள் சில உண்டு: தரை ஸ்லாத்துகள் சுமார் 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே ஃப்ளோரிடாவில் இருந்தன, ரக்கூன் குடும்பத்தைச் சேர்ந்த விலங்குகள் சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அர்ஜென்டினாவை எட்டிவிட்டன. ஸ்லாத் நடப்பதில் சோம்பலே தவிர, நீச்சலில் அல்ல. இன்றும் மரத்திலிருந்து ஆற்றில் இறங்கி லாவகமாக நீந்திப் போகும் விலங்கு அது. ஆகவே இந்த முன்னோடிகளை வைத்து நிலம் இருந்தது என்று நிறுவ இயலாது. தீவுகள் நெருங்கியிருந்தன என்பதற்குத்தான் அவை சாட்சி.

கடல் உயிரிகளுக்கு நிலம் வழியல்ல, சுவர். 1908-இல் டேவிட் ஸ்டார் ஜோர்டன், பனாமாவின் இரு கரைகளிலும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றையொன்று ஒத்திருக்கும் மீன் இனங்களைச் சுட்டிக்காட்டி, அவற்றை இரட்டை இனங்கள் என்று அழைத்தார். ஒரே இனமாக இருந்தவை நடுவில் நிலம் எழுந்ததால் இரண்டாகப் பிரிந்தன என்பது கருத்து. 1993-இல் நான்சி நோல்டனும் சக ஆய்வாளர்களும் பெருங்கொடுக்கைச் சொடுக்கி வெடிச்சத்தம் எழுப்பும் ஆல்ஃபியஸ் இறால்களில் இப்படிப்பட்ட ஏழு சோடிகளை எடுத்துக்கொண்டு மூன்று விதமாகச் சோதித்தார்கள். புரதங்களை ஒப்பிட்டார்கள், மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள், இரு கரைகளின் ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் விட்டு அவை சேர்கின்றனவா சண்டையிடுகின்றனவா என்றும் பார்த்தார்கள். மூன்று அளவுகோல்களும் ஒரே திசையைக் காட்டின: டிஎன்ஏவில் அதிகம் விலகிய சோடிகளே ஒன்றையொன்று அதிகம் வெறுத்தன. ஆனால் எல்லாச் சோடிகளும் ஒரே காலத்தில் பிரியவில்லை. சதுப்புநிலக் காட்டு வேர்களிடையே, கரையை ஒட்டி வாழும் இனங்கள் கடைசியாகப் பிரிந்திருந்தன. சற்று ஆழமான, தெளிந்த நீரை நாடும் இனங்கள் பல லட்சம் ஆண்டுகள் முன்னதாகவே பிரிந்துவிட்டிருந்தன.

இதை ஒரு கணம் நின்று யோசித்தால் விவாதத்தின் முடிச்சுப் பிடிபடும். கடல்வழி ஒரு கதவு சாத்தப்படுவதுபோல மூடவில்லை. தரை உயர உயர, முதலில் ஆழ்நீருக்கு வழியில்லாமல் போனது. பிறகு தெளிந்த நீருக்கு. கடைசியில் சேறும் வண்டலும் நிறைந்த உப்பங்கழிகள் மட்டுமே எஞ்சின. அந்தக் கழிகளில் வாழக்கூடிய இறாலுக்குக் கடைசி நாள்வரை வழி இருந்தது. பவளத்திட்டில் வாழும் இறாலுக்கு வழி எப்போதோ போய்விட்டது. ஆகவே சோடிகளின் பிரிவுக் காலங்களைச் சராசரி எடுப்பது தவறு. கடைசி இணைப்பு எப்போது அறுந்தது என்பதை, கடைசியாகப் பிரிந்த சோடியே சொல்லும். இந்த எளிய தர்க்கத்தைப் பின்னால் வந்த சில பெருந்தரவு ஆய்வுகள் மறந்துவிட்டன என்பது என் கருத்து.

இதில் ஒரு சுழல்வாதச் சிக்கலும் உண்டு. டிஎன்ஏ மாற்றத்தின் வேகத்தை வைத்துக் காலம் கணிக்கும் மூலக்கூறு கடிகாரத்துக்கு முதலில் யாராவது நேரம் வைத்துத் தர வேண்டும். மீனுக்கும் நண்டுக்கும் கடல் அர்ச்சினுக்கும் அந்த நேரத்தை வைக்க, உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்திய அளவுகோல் பனாமாவின் 30 லட்சம்தான். நிலச்சந்தி உண்மையில் 1.3 கோடி ஆண்டு பழையது என்றால், அந்தக் கடிகாரங்கள் எல்லாம் நான்கு மடங்குக்கும் மேல் வேகமாக ஓடிக்கொண்டிருந்தன என்றாகும்; பனாமாவைப் பார்த்தே இராத உயிரினங்களின் வரலாறும் திருத்தி எழுதப்பட வேண்டியிருக்கும். விவாதம் இவ்வளவு சூடானதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதனாலேயே, 30 லட்சத்தை வைத்துத் திருத்திய கடிகாரத்தைக் கொண்டு 30 லட்சத்தை நிரூபிக்கவும் முடியாது.

2015-இல் காமிலோ மோன்டெஸும் அவருடைய குழுவும் வெளியிட்ட ஆய்வுதான் பழைய கணக்கை உலுக்கியது. அவர்கள் நம்பியது உயிரிகளை அல்ல, சிர்க்கான் என்ற கனிமத்தை. எரிமலைக் குழம்பு ஆழத்தில் ஆறி இறுகும்போது உருவாகும் சிர்க்கான் படிகம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஆனால் கல் அரைபட்டு மணலானாலும் அது அழியாது. உருவாகும்போது யுரேனியத்தை உள்வாங்கிக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. பின்னர் அதனுள் காணப்படும் ஈயமெல்லாம் யுரேனியம் சிதைந்து வந்தது என்பதால், லேசர் கதிரால் படிகத்தில் ஒரு நுண்குழி பறித்து இரண்டின் விகிதத்தை அளந்தால், படிகம் பிறந்த காலம் கிடைத்துவிடும். பனாமாவின் பாறைத்தொடரில் இயோசீன் காலத்துச் (ஏறத்தாழ 5.6 கோடி முதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) சிர்க்கான்கள் ஒரு தனி முத்திரையாக உள்ளன. மோன்டெஸ் குழுவினர் வடக்கு ஆண்டிஸ் மலைப்பகுதியில் எட்டு ஆழ்துளைகளிலிருந்தும் இரண்டு மேற்பரப்புப் பாறை வரிசைகளிலிருந்தும் மணல்களை எடுத்துத் தேடினார்கள். கீழே உள்ள பழைய அடுக்குகளில் அந்த முத்திரை இல்லை, 1.3 கோடி முதல் 1.5 கோடி ஆண்டு பழைய நடு மயோசீன் அடுக்குகளில் அது தெளிவாக இருந்தது. பனாமாவில் பிறந்த படிகம் கொலம்பியாவின் ஆற்றுப்படிவில் கிடக்கிறது என்றால், அதை ஆறுதான் கொண்டுவந்திருக்க வேண்டும். ஆறு கடலைத் தாண்டி ஓடாது. ஆகவே அன்று நடுவில் கடல் இல்லை என்பது அவர்களின் வாதம்.

வாதம் அழகானது. அதன் அழகிலேயே சிலர் மயங்கிவிட்டார்கள் என்றும் சொல்லலாம். மோன்டெஸ் குழு எதை மத்திய அமெரிக்கக் கடல்வழி என்று அழைத்தது என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டும். பனாமாப் பாறைத்தொடருக்கும் தென் அமெரிக்கத் தட்டுக்கும் இடையில், தட்டு எல்லையை ஒட்டி இருந்த ஆழமான கடல்வழியைத்தான் அவர்கள் அப்படி வரையறுத்தார்கள். அது மூடிவிட்டது என்றார்கள். அதற்கு மேற்கே ஆழமற்ற, வந்துபோகும் நீர்வழிகள் இருந்திருக்கக்கூடும் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. செய்திகளில் வந்தபோது அந்த வரையறை காணாமல் போய், "நிலச்சந்தி ஒரு கோடி ஆண்டு முந்தியது" என்ற ஒற்றை வரி மட்டுமே நின்றது.

அதே ஆண்டு கிறிஸ்டின் பேக்கனும் குழுவினரும் உயிரியல் பக்கத்திலிருந்து இதற்கு ஆதரவாக வந்தார்கள். ஏராளமான உயிரினங்களின் டிஎன்ஏ தரவுகளையும் புதைபடிவங்களையும் சேர்த்து ஆராய்ந்ததில், நிலவாழ் உயிரிகள் கண்டம் கடந்த வேகம் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒருமுறையும் சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒருமுறையும் கூடியதாகவும், கடல்வாழ் உயிரிகளின் பிரிவு அதேபோல் சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னும் கூடியதாகவும் அவர்கள் கண்டார்கள். கடல் உயிரிகளைப் பற்றிய பகுதியை லெசியோஸும், தனியே மார்கோ, நோல்டன் முதலியோரும் உடனே மறுத்தார்கள். எந்தச் சோடிகளைக் கணக்கில் சேர்ப்பது, எவற்றை விடுவது என்பதிலேயே சாய்வு இருந்தது என்பது லெசியோஸின் குற்றச்சாட்டு. இரு கரைகளிலும் உள்ள இரண்டு இனங்கள் இன்று மிக நெருங்கிய உறவாகத் தெரியலாம். ஆனால் அவற்றில் ஒன்றின் உண்மையான உடன்பிறப்பு அழிந்துபோயிருந்தால், நாம் ஒப்பிடுவது ஒன்றுவிட்ட உறவைத்தான். அப்போது கிடைக்கும் காலம் நிலச்சந்தியின் வயது அல்ல, அதற்கு முந்தைய ஏதோ ஒரு பிரிவின் வயது. மார்கோ முன்பே இருசிப்பிகளில் இதைப் புதைபடிவங்களைக் கொண்டு காட்டியிருந்தார்: சோடி என்று கருதப்பட்ட சில இனங்கள் நிலம் எழுவதற்கு வெகுகாலம் முன்பே தனித்தனியாக இருந்தன.

நிலவாழ் உயிரிகளைப் பற்றிய பேக்கன் குழுவின் முடிவை இவ்வளவு எளிதாகத் தள்ள நான் தயாரில்லை. இறக்கையற்ற அரசியோடு தரையில் படையாக நடந்து செல்லும் எசிடான் இராணுவ எறும்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். அரசிக்கு இறக்கை இல்லாததால் கூட்டம் பறந்து கடலைக் கடக்க வழியில்லை. ஆனாலும் மரபணு ஆய்வின்படி இவை 40 லட்சம் முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மத்திய அமெரிக்காவுக்குள் வந்துவிட்டன. ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஓர் இடத்தில், தற்காலிகமாகவேனும் உலர்ந்த தரை இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பனிப்பாறைகள் வளர்ந்து கடல்மட்டம் இறங்கிய காலங்களில் தரை தெரிந்து, மட்டம் ஏறியபோது மறைந்திருக்கலாம்.

2016-இல் ஏரன் ஓடீ தலைமையில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட நீண்ட மறுபரிசீலனை வெளிவந்தது. பாறை, புதைபடிவம், மூலக்கூறு என மூன்று வகைச் சான்றுகளையும் அலசி, நிலச்சந்தி முழுமையடைந்தது சுமார் 28 லட்சம் ஆண்டுகளுக்கு முன்தான் என்று அது உறுதியாகச் சொன்னது. சிர்க்கான் வாதத்துக்கு அவர்கள் வைத்த எதிர்வாதத்தின் சாரம் இது: இயோசீன் வயதுள்ள சிர்க்கான் பனாமாவின் தனிச்சொத்து அல்ல, தென் அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலேயே அத்தகைய மூலங்கள் உண்டு. அங்கிருந்து ஆறு அடித்துக்கொண்டு போனால், எந்தக் கடலையும் தாண்டாமலேயே படிகம் அதே இடத்துக்கு வந்து சேரும். ஓடீயும், முந்தைய காலக்கணக்கை வலியுறுத்தும் கார்லோஸ் ஹராமியோவும் பனாமாவிலுள்ள ஒரே நிறுவனத்தில், ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தில், பணியாற்றுபவர்கள் என்பது இந்தச் சண்டையின் சுவையான பக்கம். எதிர்முகாம் சும்மா இருக்கவில்லை. நிலச்சந்தி என்பதற்கு ஒற்றை நாள் குறிக்க முயல்வதே தவறு என்று ஹராமியோ பின்னர் வாதிட்டார். ஆழ்நீர் 1.2 கோடி முதல் 1 கோடி ஆண்டுகளுக்கு முன்னும், ஆழமற்ற நீர் சுமார் 42 லட்சம் முதல் 35 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னும் தடைபட்டது என்பது அவருடைய வரிசை. கவனித்தால், இந்த வரிசைக்கும் ஓடீயின் கதைக்கும் இடையே உள்ள தூரம் தலைப்புகள் காட்டும் அளவுக்குப் பெரியதல்ல.

ஆழ்நீர் நின்றதற்கு வேறொரு சாட்சியும் உண்டு. பசிபிக் நீரிலும் அட்லாண்டிக் நீரிலும் நியோடிமியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்களின்) விகிதம் வேறு வேறு. கரீபியன் அடிப்படிவுகளில் பசிபிக்கின் சாயல் சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்வாக்கில் மங்கிவிடுகிறது. ஆழமான வழி அப்போதே அடைபட்டது என்பதை இரு முகாமும் இன்று பெரும்பாலும் ஏற்கின்றன.

பனாமா கால்வாயை அகலப்படுத்தும் பணி 2007-இல் தொடங்கியபோது, நூற்றாண்டாகக் காடு மூடியிருந்த பாறைகள் திறந்தன. வெப்பமண்டலத்தில் வெட்டிய பாறை சில மாதங்களிலேயே மீண்டும் பச்சைப் போர்வைக்குள் போய்விடும் என்பதால், வெடி வைத்துத் தகர்த்த இடங்களுக்குப் புதைபடிவ ஆய்வாளர்கள் விரைந்து போய்ப் பொறுக்கினார்கள். கிடைத்தவற்றில் பெரும்பாலான பாலூட்டிகள் வடக்கத்தியவை: சிறு குதிரை, ஒட்டகம், காண்டாமிருகம். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பனாமா வட அமெரிக்காவின் வாலாக, ஒரு தீபகற்பமாக நீண்டிருந்தது என்பதை இது காட்டுகிறது. தெற்கிலிருந்து வந்தவை அரிது. அவற்றில் ஒன்று, 2016-இல் ஜோனதன் ப்ளாக் குழு அறிவித்த பனாமசீபஸ் என்ற குரங்கு. ஏழு பற்கள்தான் கிடைத்தன, வயது 2.1 கோடி ஆண்டு. தென் அமெரிக்கக் குரங்குக் குடும்பத்தைச் சேர்ந்த அது எப்படியோ கடலைக் கடந்து வந்திருக்கிறது. ஒரு குரங்கு கடந்துவிட்டது என்பதைவிட, அதே பாறையில் மற்ற தெற்கத்திய பாலூட்டிகளைக் காண முடியாதிருப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிலம் தொடர்ந்திருந்தால் குரங்கு மட்டும் தனியாக வந்திருக்காது.

முந்தைய காலத்தை ஆதரிப்பவர்களிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: நிலம் ஒரு கோடி ஆண்டுக்கு முன்பே இருந்தது என்றால், குதிரையும் மானும் 27 லட்சம் வரை ஏன் காத்திருந்தன? அவர்கள் தரும் பதில், நிலம் இருந்தது, ஆனால் அடர்ந்த மழைக்காடு அதை மூடியிருந்தது. புல்வெளி விலங்குகளுக்கு அது நிலமே அல்ல, பனியுகம் தொடங்கி வறட்சி வந்து காடு விலகிப் புல்வெளி நீண்டபோதுதான் அவற்றுக்கு வழி திறந்தது என்பது. இந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. பெரும் பரிமாற்றத்தின் காலம் பனியுகத் தொடக்கத்துடன் ஒத்துப்போவதும் தற்செயல் அல்ல. ஆனால் இதன் விளைவு என்னவென்றால், பாலூட்டிகளின் சாட்சி இரண்டு பக்கத்துக்கும் உதவாமல் போகிறது. அவை வந்த நாளை வைத்து நிலம் அன்றுதான் எழுந்தது என்று சொல்ல முடியாது. வராததை வைத்து நிலம் இல்லை என்றும் சொல்ல முடியாது. உப்புக்கும் இறாலுக்கும் காடு ஒரு தடை அல்ல. ஆகவே அந்த இரண்டு சாட்சிகளையே நான் அதிகம் நம்புகிறேன். அவை இரண்டும் பிற்காலத்தையே காட்டுகின்றன.

பனியுகத்தைப் பற்றிப் பேசும்போது, நிலச்சந்திதான் அதைக் கொண்டுவந்தது என்ற புகழ்பெற்ற கருதுகோளையும் குறிப்பிட்டாக வேண்டும். வழி அடைபட்டதால் வளைகுடா நீரோட்டம் வலுத்து, வடக்குக்கு ஈரம் சென்று, பனியாகக் குவிந்தது என்பது அதன் சுருக்கம். கடல்வழி அடைபட்டபின்னும் வணிகக் காற்று அட்லாண்டிக்கின் ஈரத்தை மத்திய அமெரிக்காவைத் தாண்டிப் பசிபிக்கில் மழையாகக் கொட்டுகிறது. அதனால் அட்லாண்டிக் உப்பேறுகிறது என்பது உண்மைதான். ஆனால் உப்பு வேறுபாடு 42 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நிலைபெற்றுவிட, பெரும்பனி 27 லட்சத்தில்தான் வருகிறது. இடையில் 15 லட்சம் ஆண்டுகள் எங்கே போயின என்ற கேள்விக்கு நிறைவான விடை கிடையாது. 2008-இல் பீட்டர் மோல்நார் இந்தத் தொடர்பைக் கடுமையாக விமர்சித்தார். காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைந்ததே முதன்மைக் காரணம் என்று கருதுவோர் பலர். நிலச்சந்தியின் வயதைப் பனியுகத்தின் வயதைக் கொண்டு உறுதிப்படுத்துவது இன்னொரு சுழல்வாதம்தான்.

அப்படியானால் எஞ்சியிருக்கும் உண்மையான கருத்து வேறுபாடு எது? ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 40 லட்சம் வரை, ஆழமான வழி மூடியபின், ஆழமற்ற நீர் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்ததா, அல்லது கடல்மட்டம் இறங்கிய ஒவ்வொரு முறையும் நிலம் தெரிந்து, ஏறியபோது மறைந்ததா என்பதே. நீர் கடைசியாக ஓடியிருக்கக்கூடிய வழிகளாக மூன்று இடங்களைப் புவியியலாளர் சுட்டுகிறார்கள்: நிகராகுவா–கோஸ்டா ரிகா எல்லையை ஒட்டிய சான் கார்லோஸ் பள்ளம், இன்று கால்வாய் ஓடும் பகுதி, கொலம்பியாவின் அட்ராட்டோ ஆற்றுப் படுகை. இவற்றில் அட்ராட்டோவும் அதை அடுத்த பனாமாவின் டாரியேன் பகுதியும்தான் மிக முக்கியமானவை. அங்கேதான் அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினா வரை போக வேண்டிய பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலை நூறு கிலோமீட்டர் அளவுக்கு இல்லாமல் போகிறது. சதுப்பும் காடுமாகக் கிடக்கும் அந்தப் பகுதியில் துளையிடும் இயந்திரத்தைக் கொண்டுபோவதே பெரும்பாடு. விடை சொல்ல வேண்டிய படிவுகள் அங்கே, மண்ணுக்கு அடியில் இன்னும் பெரும்பாலும் தொடப்படாமல் இருக்கின்றன.